பழைய காருக்குப் பணம்: இலாபம் யாருக்கு?



"பழையதைக் கொண்டு வாருங்கள், புதியதைக் கழிவு விலையில் கொண்டு செல்லுங்கள்" என்ற விளம்பரத்தைக் காணாத இல்லத்தரசி நம் நாட்டில் இருக்க மாட்டார். பண்டிகைக் காலம் நெருங்கினால் தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி, எரிவாயு அடுப்பு என்று எல்லாவற்றுக்கும் இப்படியொரு சலுகை வந்துவிடும். கடைக்காரர் அறிவித்தால் அது வியாபாரம். ஆனால் ஓர் அரசாங்கமே மக்களின் வரிப்பணத்தை எடுத்து, "உங்கள் பழைய காரை உடைக்கக் கொடுங்கள், புதிய கார் வாங்கப் பணம் தருகிறோம்" என்று அறிவித்தால் அதை என்னவென்று சொல்வது? செல்வந்த நாடுகள் பல இதைச் செய்து பார்த்திருக்கின்றன. அந்தக் கணக்கைச் சற்று விரித்துப் பார்த்தால் நமது வீட்டுக் கணக்குக்கும் அதில் பாடம் இருப்பதை நான் காண்கிறேன்.

2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெரிய வங்கிகள் ஆட்டம் கண்டபோது உலகெங்கும் வியாபாரம் படுத்துவிட்டது. மக்கள் கார் வாங்குவதை ஒத்திவைத்தார்கள். தொழிற்சாலைகளில் வேலை நாட்கள் குறைந்தன. தொழிலாளர் வீட்டுக்கு அனுப்பப்படும் நிலை வந்தது. அப்போதுதான் இந்த யோசனை பரவலாகக் கையில் எடுக்கப்பட்டது. யோசனை புதியதல்ல. பிரான்ஸ் நாடு 1994இலேயே பத்து வருடம் பழைய காரைக் கழித்துப் புதியது வாங்குவோருக்கு 5,000 பிராங்க் கொடுத்திருந்தது.

ஜேர்மனி 2009 ஜனவரியில் இத்திட்டத்தை ஆரம்பித்தது. ஒன்பது வருடத்துக்கு மேற்பட்ட காரை உடைக்கக் கொடுத்துப் புதிய கார் வாங்குவோருக்கு 2,500 யூரோ வழங்கப்பட்டது. பழைய கார் குறைந்தது ஒரு வருடமாவது அவருடைய பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். முதலில் ஒதுக்கிய 1.5 பில்லியன் யூரோ போதாமற்போய், அது 5 பில்லியனாக உயர்த்தப்பட்டது. செப்டெம்பர் தொடக்கத்தில் அதுவும் தீர்ந்து திட்டம் மூடப்பட்டது. அந்த வருடம் ஜேர்மனியில் இதைப் பற்றிப் பேசாத வீடு இருக்கவில்லை. 2009ஆம் ஆண்டுக்குரிய சொல்லாக இந்தக் கொடுப்பனவின் பெயரையே ஜேர்மன் மொழிச் சங்கம் தெரிவு செய்தது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

அமெரிக்கா அதே வருடம் ஜூலையில் இறங்கியது. லீற்றருக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீற்றரோ அதற்குக் குறைவாகவோ ஓடும் வாகனத்தைக் கொடுத்து, பெற்றோல் குறைவாகக் குடிக்கும் புதிய வாகனம் வாங்கினால் 3,500 அல்லது 4,500 டொலர் கழிவு. ஒரு பில்லியன் டொலர் ஒரு சில நாட்களிலேயே முடிந்து போக, மேலும் இரண்டு பில்லியன் ஒதுக்கப்பட்டது. ஓகஸ்ட் 24ஆம் திகதி திட்டம் முடிவடைந்தபோது ஆறே முக்கால் இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் கைமாறியிருந்தன.

கொடுக்கப்பட்ட பழைய கார்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? அவை மீண்டும் வீதிக்கு வரக்கூடாது என்பது சட்டம். ஆகவே எஞ்சின் ஒயிலை வடித்துவிட்டு, அதற்குப் பதிலாக ஏறத்தாழ இரண்டு லீற்றர் சோடியம் சிலிக்கேற்றுக் கரைசலை ஊற்றி எஞ்சினை ஓட விட்டார்கள். சூட்டில் நீர் வற்றி, அக்கரைசல் கண்ணாடி போல் உள்ளே இறுகியது. சில நிமிடங்களில் எஞ்சின் இறுகி நின்றது. கதவு, கண்ணாடி, இருக்கை போன்றவற்றைக் கழற்றி விற்கலாம். மிகுதி நசுக்கப்பட்டுப் பழைய இரும்பாகிவிடும். திட்டத்தின் விதிப்படி, கொடுக்கும் வாகனம் ஓடக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அதாவது, அழிக்கப்பட்டவை அனைத்தும் அன்று காலை வரை வீதியில் ஓடிய வாகனங்கள். தேய்ந்த பாவாடையைக்கூட வெட்டித் தலையணை உறையாக்கும் நமக்கு இதைக் கேட்கும்போது மனம் பதைக்கத்தான் செய்கிறது.

மனம் பதைப்பது ஒருபுறம் இருக்கட்டும். நன்மையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட வாகனங்கள் சராசரியாக லீற்றருக்கு 6.7 கிலோமீற்றர் ஓடின. வாங்கப்பட்டவை 10.6 கிலோமீற்றர் ஓடின. வருடத்துக்கு 15,000 கிலோமீற்றர் ஓடும் ஒருவருக்கு இது 800 லீற்றருக்கு மேற்பட்ட பெற்றோல் மிச்சம். புகையும் அவ்வளவுக்குக் குறையும். ஆனால் புதிய கார் ஒன்று வானத்திலிருந்து விழுவதில்லை. அதன் இரும்பையும் அலுமினியத்தையும் உருக்க, கண்ணாடியை வார்க்க, பல நாடுகளிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து சேர்க்க எரிபொருள் செலவாகிறது. நிறைய ஓடுபவர் அந்தச் செலவை விரைவில் ஈடுசெய்துவிடுவார். வாரத்தில் ஒரு நாள் சந்தைக்கு மட்டும் போகும் முதியவரின் பழைய காரை நசுக்கிப் புதியதைக் கொடுத்தால் அது ஈடாகப் பல வருடம் எடுக்கும்.

தொழில் காப்பாற்றப்பட்டதா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கத் திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஆதிப் மியான், அமீர் சூபி ஆகியோர், அந்தக் கோடையில் மேலதிகமாக விற்ற கார்களில் ஏறத்தாழ அனைத்தும் அடுத்த சில மாதங்களில் விற்றிருக்க வேண்டியவையே என்று 2012இல் எழுதினார்கள். 2010 மார்ச் ஆகும்போது கூடிய விற்பனை ஏறத்தாழ முழுவதும் குறைந்த விற்பனையால் சமமாகிவிட்டதாம். ஜேர்மனியிலும் 2009இல் 38 இலட்சம் வரை புதிய கார்கள் பதிவாகி, 2010இல் அது 29 இலட்சமாக இறங்கியது. நாளைய சோற்றை இன்றே உண்டால் நாளைக்குப் பானை வெறும் பானைதானே! ஆனாலும், நெருக்கடி உச்சத்தில் இருந்த மாதங்களில் தொழிற்சாலைகளுக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது.

ஜேர்மனியில் வாழும் என் பெரியம்மாவின் மகள் அப்போது தொலைபேசியில் கதைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அதிகாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை அவருக்கு. பஸ் ஓடத் தொடங்கும் முன்பே போக வேண்டியிருப்பதால் பதினொரு வருடம் பழைய சிறிய கார் ஒன்று வைத்திருந்தார். "இவர் சொல்றார், அரசாங்கம் சும்மா காசு தருது, விடக்கூடாது எண்டு. நான் கேட்டன், 2,500 அவங்கள் தருவாங்கள், மிச்சத்தை ஆர் தாறது எண்டு" என்றார் அக்கா. மிச்சம் ஏறத்தாழ 6,000 யூரோ. நான்கு வருடக் கடன் என்றால் வட்டியோடு மாதம் 140 யூரோ வரை. அவர் தம் மாதச் சம்பளத்தில் வாடகையையும் பிள்ளைகளின் செலவையும் கழித்துப் பார்த்து, அந்தக் கடனுக்கு இடமில்லை என்று முடிவு செய்தார். காரைத் திருத்தி மேலும் மூன்று வருடம் ஓடினார். அவருடைய அயல் வீட்டுப் பெண்ணோ, கையில் சேமிப்பு இருந்தபடியால் மாதாமாதம் கராச்சுக்குச் செலவழித்த காரைக் கொடுத்துப் புதியது வாங்கினார். அவருக்கும் அது நல்ல முடிவுதான். சலுகை ஒன்றே, கையிருப்புத்தான் வேறு.

இங்குதான் நான் உங்கள் கவனத்தை வேண்டுகிறேன். இத்தகைய சலுகை, மிகுதிப் பணத்தைப் புரட்டக் கூடியவருக்கே போய்ச் சேர்கிறது. புதிய கார் வாங்க ஒருபோதும் வசதியில்லாத குடும்பம் மூன்றாம் கை, நான்காம் கைக் காரையே நம்பியிருக்கும். அந்தக் காரைத்தான் அரசாங்கம் பணம் கொடுத்து நசுக்குகிறது. அக்காவைப் போன்றவரின் வரிப்பணமும் அதில் இருக்கிறது. அத்தோடு, உடைப்பதற்கென்று கொடுக்கப்பட்ட கார்களில் 50,000 வரை ஆபிரிக்காவுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் களவாக விற்கப்பட்டிருக்கலாம் என்று ஜேர்மனியின் குற்றப்புலனாய்வு உத்தியோகத்தர் சங்கம் அப்போதே மதிப்பிட்டது. அப்படியானால் புகை குறையவில்லை. ஏழை நாட்டுக்கு இடம் மாறியிருக்கிறது.

இதைச் சீராகச் செய்யவே முடியாதா? முடியும். 2023இல் இலண்டன் மாநகரில், புகை கூடிய வாகனங்களுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண் அறவிடும் வலயம் நகர் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அதனோடு சேர்ந்த கொடுப்பனவுத் திட்டம், முதலில் அரச உதவி பெறும் குறைந்த வருமானத்தினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமே வழங்கப்பட்டது. பிறகுதான் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டது. காருக்கு 2,000 பவுண் வரை கிடைத்தது. புதிய கார் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விரும்பினால் பணத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஒரு வருட பஸ் அனுமதிச் சீட்டைப் பெறலாம். 2024இல், காரை நசுக்காமல் போரில் சிக்கிய உக்ரேனுக்கு அனுப்பவும் வழி செய்யப்பட்டது. யாருக்காக இந்தத் திட்டம் என்ற கேள்வியை முதலில் கேட்டதால் வந்த வித்தியாசம் இது.

நமது நாட்டில் நிலைமை நேர்மாறு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார் வைத்திருந்தவர் அதைத் தங்கம் போலப் பாதுகாத்தார். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். திருத்தத் தெரிந்த கையும், உதிரிப்பாகமும் இருந்தால் ஒரு பொருளின் ஆயுள் எவ்வளவு நீளும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் கடைகளின் பழையதுக்குப் புதியது என்னும் சலுகை நம் வாசலுக்கும் வரத்தான் போகிறது. அப்போது சகோதரிகளே, கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பழையது உண்மையிலேயே பயன்படாததா, அல்லது சிறு திருத்தத்தோடு இன்னும் இரண்டு வருடம் ஓடுமா? கழிவு போக மிகுதிப் பணம் எங்கிருந்து வரும், வட்டியோடு மொத்தம் எவ்வளவு? பழையதைக் கொடுக்காமல் ரொக்கமாக வாங்கினால் அதே பொருள் வேறு கடையில் என்ன விலை? புதியது மின்சாரத்திலோ எரிபொருளிலோ மாதம் எவ்வளவு மிச்சப்படுத்தும், அந்த மிச்சம் தவணையை ஈடுசெய்யுமா?

இந்த நான்குக்கும் விடையை ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது வாசித்துக் காட்டுங்கள். கணக்குச் சரியாக வந்தால் தயங்காமல் வாங்குங்கள். வராவிட்டால், அயலில் இருக்கும் திருத்துநரைக் கூப்பிடுங்கள். அவருடைய பிள்ளைகளுக்கும் அன்று சோறு கிடைக்கும்.