நாய்க்கு முதுகு போனால்...

தலைப்பைப் பார்த்ததும் நண்பர்கள் சிலர் சிரிக்கலாம். வேலையில்லாத் திண்டாட்டம், வரதட்சணை என்று எழுத வேண்டிய மலரில் நாயின் முதுகெலும்பா? சிரித்துவிட்டே படியுங்கள். எங்கள் வீட்டில் பத்து நாளில் ஏழாயிரம் ரூபாய் கரைந்த கதை இது. அதில் பாதி, விவரம் தெரியாமல் கரைத்தது.

எங்கள் மணி டாஷண்ட் சாதி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் மாமா குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தார். குட்டைக் கால், நீள உடம்பு. தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். அந்த அழகுதான் அதற்கு வினை என்பது யாருக்குத் தெரியும்? முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டுகள் இந்த மாதிரிக் குட்டைக்கால் நாய்களுக்குச் சின்ன வயதிலேயே இறுகிவிடுகின்றன. அதற்குக் காரணமான மரபணுவை 2017-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். இறுகிய தட்டு ஒருநாள் பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கும். அவ்வளவுதான், பின்னங்கால் விழுந்துவிடும்.

போன சித்திரையில் கட்டிலிலிருந்து குதித்த மணி, மறுநாள் காலை பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு வந்தது. ஓர் இடத்தில் ஊசி போட்டார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தண்டுவடம் தெரியாது என்பதை யாரும் சொல்லவில்லை. குணமாகவில்லை என்று இன்னொரு இடம் போனோம். அங்கே வேறு வலி மாத்திரை. முதலில் போட்டது ஸ்டீராய்டு. அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிறு புண்ணாகும் என்பது மணி கறுப்பாக வெளிக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குத் தனிச் செலவு.

"இன்னாடா, நாய்க்கு ஆஸ்பத்திரியா? என் முட்டி மூணு வருஷமா நோவுது, எவனாச்சும் கேட்டீங்களா?" என்றாள் ஆயா. எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் வரவில்லை. "ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அப்பா ஒன்றுமே பேசவில்லை.

கடைசியில் வாடகைக் கார் பிடித்து, நூறு கிலோமீட்டர் தாண்டி, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. டாக்டர் இடுக்கியால் பின்னங்கால் விரலை அழுத்திப் பிடித்தார். கால் இழுத்துக்கொண்டால் மட்டும் போதாதாம். நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், இல்லை கடிக்க வர வேண்டும். மணி திரும்பி உறுமியது. ஒரு நாய் உறுமி அப்பா கண்கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்!

அந்த உணர்வு இருந்தால் ஆபரேஷன் செய்த நாய்களில் பத்துக்கு ஒன்பது வரை மறுபடி நடக்கின்றன. அது போய்விட்டால் ஏறக்குறைய பாதிதான், அதிலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. முதல் நாளே இதைப் பார்த்துச் சொல்ல ஆகும் செலவு என்ன? ஒரு இடுக்கி! அதனால்தான் சொல்கிறேன்: 'எவ்வளவு ஆகும்' என்று கேட்பதற்கு முன்னால் 'வலி தெரியுதா பாருங்க டாக்டர்' என்று கேளுங்கள். பணம் இல்லாதவன்தான் முதலில் இதைக் கேட்க வேண்டும், அவனுக்குத்தான் வீணாக்கப் பணம் கிடையாது.

ஸ்கேன், ஆபரேஷன் எங்கள் கைக்கு எட்டவில்லை. உணர்வு இருந்ததால் இன்னொரு வழி சொன்னார்கள்: ஆறு வாரம் கூண்டு ஓய்வு. மாம்பழப் பெட்டிகளைப் பிரித்து ஒர்க்‌ஷாப்பில் நானே கூண்டு அடித்தேன். தினம் மூன்று வேளை அடிவயிற்றை அமுக்கி மூத்திரம் எடுக்கும் வேலை அம்மாவுடையது. வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்க மாமா துண்டுத் தோலில் ஒரு வார் தைத்து அனுப்பினார். இரண்டாவது வாரம் மணி ஓயாமல் கத்தியது. திறந்துவிடலாமா என்று தினமும் சண்டை. திறக்கவில்லை. ஐந்தாவது வாரம் வால் ஆடியது.

இப்போது குடிகாரன் மாதிரி தள்ளாடித் தள்ளாடி நடக்கிறது. மறுபடி வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் கட்டிலின் கால்களை அறுத்துவிட்டோம். தாழ்ந்த கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை என்று ஆயா திண்ணையில் படுக்கிறாள். வருகிற திங்கட்கிழமை முட்டி காட்ட அவளை வேலூருக்கு அழைத்துப் போகிறோம்.