பாலே டிக்கெட்: விலை குறைந்த சீட் உச்சியில்... படி ஏற முடியாதவர்களுக்கு என்ன வழி?

லண்டன் கோவென்ட் கார்டனில் உள்ள ராயல் ஓபரா ஹவுஸ், ராயல் பாலே குழுவின் சொந்த மேடை. 2,200-க்கும் அதிகமான இருக்கைகள். கீழ்த்தளத்தில் நல்ல சீட் 100 பவுண்டைத் தாண்டும். மேலே போகப் போக விலை இறங்கும்.

சிக்கல் எங்கே?

விலை குறைந்த இருக்கைகள் நிறைய இருப்பது 'ஆம்பிதியேட்டர்' எனும் உச்சி மாடத்தில். லிஃப்ட் இருக்கு. ஆனால், அதிலிருந்து இறங்கினாலும் இருக்கைக்குப் போக செங்குத்தான படிகள். முழங்கால் வலி உள்ளவர் விலை அதிகமான சீட்டைத்தான் தேட வேண்டும். உடல்நிலையே டிக்கெட் விலையை ஏற்றிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும். அதற்காக அவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. அதனால்தான் பல தியேட்டர்களில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பதிவுத் திட்டம் உள்ளது. வீல்சேர் இடம், உடன் வரும் உதவியாளருக்கான டிக்கெட் சலுகை எல்லாம் இதன் வழியாகவே கிடைக்கும்.

மற்றவர்களுக்கு?

* நின்று பார்க்கும் டிக்கெட்
* 16 முதல் 25 வயது வரை இளைஞர் சலுகை
* வெள்ளிக்கிழமைதோறும் பகல் 1 மணிக்கு ஆன்லைனில் வரும் 'ஃப்ரைடே ரஷ்'

இதைக் கவனிங்க

பக்கவாட்டு சீட்டில் மேடையின் ஒரு பகுதி மறையும். பாலேவில் கால் அசைவுதான் முக்கியம். அதே விலையில் உச்சி மாடத்தின் நடுப்பகுதி கிடைத்தால், குழு நடனத்தின் அணிவகுப்பு முழுசா தெரியும்.

கடைசி நேரச் சலுகை, எந்த சீட்டிலும் உட்கார முடிந்தவர்களுக்கே கைகொடுக்கும். வீல்சேர் இடங்கள் குறைவு. அது தேவைப்படுபவர்கள் முன்பதிவு தொடங்கும் முன்பே பதிவுத் திட்டத்தில் பெயர் கொடுத்துவிடுவதே நல்லது.