பந்து எகிற ஒரு சுவர்

கிரிக்கெட் ஆட மெரினா மணல் போதும். டென்னிஸுக்கு அது உதவாது; பந்து எகிறாது. சென்னைப் பையனின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

டென்னிஸ் தெரியாத ஊரல்ல இது. விஜய் அமிர்தராஜும் ரமேஷ் கிருஷ்ணனும் பிறந்த ஊர். நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் சென்னை ஓபன் நடந்தது. நடால் வந்து ஆடினார். 2018-ல் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. 2022-ல் மகளிர் போட்டி வந்தது.

பார்க்க இடம் இருந்தது. ஆட? பழைய கிளப்புகளின் கோர்ட்டுகள் உறுப்பினர்களுக்கு. தனியார் பயிற்சி மையம் என்றால் மாதக் கட்டணம். இரண்டும் எட்டாத பையன் உள்ளே நுழைய ஒரு வழி உண்டு: பந்து பொறுக்கிப் போடுவது. அப்படி நுழைந்து, ஆடிப் பழகி, மார்க்கர் ஆனவர்கள் உண்டு. ஆட்டம் மட்டும் உறுப்பினர் கூப்பிடும் நேரத்தில்தான்.

ஒரு கோர்ட்டுக்கு 78 அடி நீளமும் 36 அடி அகலமும் வேண்டும். அவ்வளவு இடம் எல்லாப் பேட்டையிலும் கிடைக்காது. மாநகராட்சி விளையாட்டுத் திடலில் ஒரு சுவர் எழுப்பி, 3 அடி உயரத்தில் கோடு போடலாமே. அடித்த பந்தை அது திருப்பித் தரும். சிபாரிசுக் கடிதம் கேட்காது.