கடலை ஊரில் கடலை போட இடமில்லை!

பெங்களூரு, இந்திரா நகர், பன்னிரண்டாவது மெயின் ரோடு. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. எதிர்ல ஒரு கண்ணாடிச் சுவர். அதுக்கு அந்தப் பக்கம் பால் பண்ணையில இருக்குற மாதிரி ஆளுயர எவர்சில்வர் டாங்க்குகள் வரிசையா நிக்குது. இந்தப் பக்கம் உயரமான ஸ்டூல்ல நான், 'ஹாக்கி' மாப்ளே, எங்க கூடப் படிச்ச தோழி. மூணு பேருக்கும் ஊர் கோவில்பட்டி. (ஹாக்கின்னு ஏன் பேருன்னு கேட்காதீங்க. எங்க ஊர்ல பாதிப் பேரு பல்லு விழுந்து முளைக்கிறதுக்கு முன்னாடியே ஹாக்கி மட்டையைத் தூக்கினவங்கதான்.)

மாப்ளேக்கு அங்க சாஃப்ட்வேர் வேலை. தோழிக்கும் அப்படித்தான். நான் இந்தப் பத்தியை எழுதிப் பொழைக்கிறவன். அதனால பில் யாரு கட்டணும்ங்கிறதுல விவாதமே இல்லை.

ஒரு தம்பி வந்து நின்னார். சர்வர்னு கூப்பிட்டா கோவிச்சுக்குவார்போல, அவ்வளவு ஸ்டைல். இன்னைக்கு என்னென்ன பீர் இருக்கு, எதுல கோதுமை, எதுல பார்லி, எது எத்தனை நாள் டாங்க்குல இருந்துச்சுன்னு ஒரு லெக்சரே எடுத்தார். எங்க கெமிஸ்ட்ரி சார் இதுல கால்வாசி ஆர்வத்தோட நடத்தியிருந்தா நான் அரியர் வெச்சிருக்கவே மாட்டேன். கடைசியா, "சாப்பிட என்ன சார்?"னு கேட்டார். மாப்ளே மெனு கார்டுல எதையோ தொட்டுக் காட்டினான்.

தட்டு வந்துச்சு. எட்டிப் பார்த்தேன். கடலை! வறுத்த கடலை, வெங்காயம், தக்காளி, மல்லித்தழை, மேல எலுமிச்சம்பழச் சாறு.

கோவில்பட்டிக்காரன் முந்நூத்துச் சொச்சம் மைல் ரயிலேறிப் போய் காசு கொடுத்துக் கடலை தின்ன கதையை எங்க பாட்டிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். 21 வயசு ஆகாதவங்க அடுத்த ரெண்டு பாராவை கெமிஸ்ட்ரி பாடமா மட்டும் படிச்சுக்கோங்க. தமிழ்நாட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்லுது.

பெரிய ஃபாக்டரியில லட்சக்கணக்கான பாட்டில்ல அடைச்சு ஊர் ஊரா அனுப்பாம, கடைக்குள்ளேயே சின்ன அளவுல காய்ச்சி, அங்கேயே ஊத்திக் கொடுக்கிறதுதான் கிராஃப்ட் பீர். இந்திரா நகர் நூறடி ரோட்டுல 'டாய்ட்' 2010-ல ஆரம்பிச்சாங்க. அப்புறம் கோரமங்களா, ஒயிட்ஃபீல்டுன்னு நகரம் முழுக்கப் பரவிருச்சு. முளைகட்டிக் காயவெச்ச பார்லியை வெந்நீர்ல ஊறவெச்சா அதுல இருக்குற மாவுச்சத்து சர்க்கரையா மாறும். கசப்புக்கு ஹாப்ஸ்னு ஒரு பூ. ஈஸ்ட்டைப் போட்டா அது சர்க்கரையைத் தின்னுட்டு ஆல்கஹாலையும் கேஸையும் கக்கும். அவ்வளவுதான். மாப்ளே கோதுமை பீர் வாங்கினான். ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன். வாழைப்பழமும் கிராம்பும் போட்ட மாதிரி ஒரு வாசம். ரெண்டையும் போடலையாம், ஈஸ்ட் பண்ணுற வேலையாம் அது. எனக்கு என்னவோ பாட்டி வீட்டு மண்பானையில ராத்திரி கரைச்சு வெச்ச கம்மங்கூழ் காலைல புளிச்சு நிக்குமே, அந்த ஞாபகம்தான் வந்துச்சு. அதுவும் நொதிச்சதுதானே! கூழைப் புளிக்க வைக்கிற கிருமி வேற கட்சி, அவ்வளவுதான்.

இந்த பீர் ஆசாமிகள் எல்லாத்தையும்விட அதிகமாப் பேசுறது தண்ணியைப் பத்தித்தான். செக் நாட்டு பில்சன் ஊர்த் தண்ணி ரொம்ப மென்மை. அதனாலதான் 1842-ல அங்க பொன்னிறமான பில்ஸ்னர் பிறந்துச்சாம். இங்கிலாந்துல பர்ட்டன்னு ஒரு ஊர். அங்க ஜிப்சம் கலந்த கடினத் தண்ணி. அதுல காய்ச்சின பேல் ஏல் உலகம் முழுக்கப் பேர் வாங்கிருச்சு. அப்ப பெங்களூருத் தண்ணி? சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து மேட்டுக்குப் பம்ப் பண்ணிக் கொண்டுவர்ற காவிரி. "காவிரி எங்கேடா போகுதுன்னு இத்தனை வருஷமாத் தேடினோம். இந்தா கிளாஸ்ல இருக்கு"ன்னு மாப்ளே கிளாஸைத் தூக்கிக் காட்டினான். பக்கத்து டேபிள் தமிழ்க் குரூப் ஒண்ணு கைதட்டுச்சு.

அப்பத்தான் தோழி வாயைத் திறந்தா. "டேய், நம்ம ஊரும் அப்படித்தானடா. ஆறு இல்லாத ஊர். ஆத்துத் தண்ணியாலதான் பேரு."

அட, ஆமால்ல!

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு புவிசார் குறியீடு கேட்டு உற்பத்தியாளர் சங்கம் விண்ணப்பம் போட்டது 2014-ல. கிடைச்சது 2020 ஏப்ரல் 30. லாக்டவுன் நேரம். ஊருக்கே பெருமை வந்த அன்னைக்கு ஊரே கதவைச் சாத்திட்டு உள்ள இருந்துச்சு. அந்தக் குறியீட்டுக்குச் சொன்ன காரணங்கள்ல கரிசக்காட்டுக் கடலை ஒண்ணு, தாமிரபரணித் தண்ணி ஒண்ணு. எங்க ஊர்க் குழாய்ல வர்றது சீவலப்பேரிப் பக்கமிருந்து வர்ற அந்தத் தண்ணிதான். சின்ன வயசுல அது எத்தனை நாளைக்கு ஒருக்க வரும்னு எங்க அம்மாகிட்ட கேட்டா இப்பவும் குடம் பறக்கும்.

மொதல்ல கருப்பட்டிப் பாகுலதான் பிடிச்சிட்டிருந்தாங்க. 1940-கள்ல பஜார்ல கடை வெச்சிருந்த பொன்னம்பல நாடார்தான் கரும்பு வெல்லத்துக்கு மாத்தினார்னு ஊர்ல சொல்லுவாங்க. ஸ்கூல் படிக்கிறப்ப லீவுல ஒரு மிட்டாய் போடுற இடத்துல போய் நின்னு வேடிக்கை பார்த்திருக்கேன். வெல்லத்தைக் கரைச்சுக் காய்ச்சி, மண்ணு போக வடிகட்டி, மறுபடி அடுப்பேத்துவாங்க. பதம் பார்க்கிறதுதான் வித்தை. பாகுல ஒரு சொட்டு எடுத்துத் தண்ணியில விட்டு, விரலால தொட்டா 'டக்'னு உடையணும். ஒரு நிமிஷம் முந்தினா மிட்டாய் பல்லுல ஒட்டும். பிந்தினா கசக்கும். வறுத்துத் தோல் நீக்கி ரெண்டா உடைச்ச கடலையைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுறதுக்குள்ள பலகையில பரப்பி, கட்டையால தேய்ச்சு, வெட்டி... மேல ரோஸ், பச்சை, மஞ்சள்னு கலர் கலராத் தேங்காய்த் துருவல். பாகு வைக்கிற அண்ணன்கிட்ட தெர்மாமீட்டரும் இல்லை, டைமரும் இல்லை. பாகுல எழும்புற குமிழியைப் பார்த்துத்தான் அடுப்பைத் தணிப்பார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இவரை நிறுத்தி, அந்த ஸ்டைல் தம்பியை விட்டு லெக்சர் எடுக்கச் சொன்னா எப்படி இருக்கும்?

மாப்ளே உடனே பிசினஸ் மேன் ஆயிட்டான். "நம்ம ஊர்ல இது மாதிரி ஒரு கடை போடணும் மாப்ளே. கம்பு, சோளம் போட்டே பீர் காய்ச்சலாம்."

ஐடியா கிறுக்குத்தனமா தெரிஞ்சாலும் உலகத்துக்குப் புதுசு இல்லை. தென்னாப்பிரிக்காவுல சோளத்துலயும் மக்காச்சோளத்துலயும் வீட்டுலயே காய்ச்சுறது தலைமுறை தலைமுறையா நடக்குது. 1988-ல நைஜீரியா பார்லி இறக்குமதியைத் தடை பண்ணினப்ப, அங்க இருந்த பெரிய பெரிய பீர் கம்பெனிங்க எல்லாம் உள்ளூர்ச் சோளத்துக்குத்தான் மாறுச்சு. மானாவாரிப் பயிர்னா நம்மாளுகளுக்கு ஒரு இளக்காரம். ஆனா கோவில்பட்டியில இதுக்கு வழி கிடையாது. 2003-லேருந்து சில்லறை மது வியாபாரம் டாஸ்மாக் கையில. பனைமரத்தடியில அன்னைக்கு இறக்கி அன்னைக்கே குடிச்ச கள்ளுக்கு 1987-லேருந்து தடை. பானைக்குள்ள சுண்ணாம்பு தடவிப் புளிக்காம இறக்குற பதநீர் மட்டும்தான் மிச்சம். கள்ளைத் திறக்கணுமா வேணாமான்னு நான் இங்க தீர்ப்பு சொல்லப் போறதில்லை. குடியால தாலியறுந்த வீடு எங்க தெருவுலயே மூணு இருக்கு.

தோழி சிரிச்சா. "உங்க ரெண்டு பேருக்கும் பீரு, கள்ளு, சட்டம்னு இதுதான் பிரச்னை. நான் இங்க என்ன குடிக்கிறேன்னு பார்த்தியா?"

பார்த்தேன். லெமன் சோடா. மூணு மணி நேரமா அதே கிளாஸ்.

"நான் இங்க வர்றது பீருக்கு இல்லடா. இந்த ஸ்டூலுக்கு. மூணு மணி நேரம் உட்கார்ந்திருக்கேன். யாராவது 'யாரு வீட்டுப் பொண்ணு?'ன்னு கேட்டாங்களா? கோவில்பட்டியில இருபத்தொரு வருஷம் இருந்திருக்கேன். பஜார்ல ஒரு டீக்கடையில நின்னு ஒரு டீ குடிச்சதில்லை. காரச்சேவு, மிட்டாய், பரோட்டா எல்லாமே அப்பா பார்சல் வாங்கிட்டு வந்து தின்னதுதான். ஆறிப் போன சால்னாதான் எனக்குத் தெரிஞ்ச சால்னா."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஆனாலும் ஊரை விட்டுக்கொடுக்க முடியுமா? "ஏய், உட்கார்ந்து பேசுறதுல நம்ம ஊரை அடிச்சுக்க ஆள் இல்லை. டீக்கடை பெஞ்சுல பேசிப் பேசியே இலக்கியம் வளர்த்த ஊரு. இடைசெவல்னு ஒரே ஒரு குட்டிக் கிராமம். அதுல கு.அழகிரிசாமி, கி.ராஜநாராயணன்னு ரெண்டு பேருக்கு சாகித்ய அகாடமி. அப்புறம் 2014-ல பூமணி, 2019-ல சோ.தர்மன்..."

விரல் விட்டு எண்ணிட்டிருந்தவ நிறுத்தினா. "நாலு பேரு. நாலு பேருமே ஆம்பளை."

மாப்ளே கடலைத் தட்டை அவ பக்கமா நகர்த்தி வெச்சான். வேற என்ன பண்ண முடியும்?

இந்திரா நகரை ரொம்பத் தூக்கி வைக்கவும் வேணாம். குடியிருக்க வீடு கட்டின ஏரியா அது. ராத்திரிச் சத்தம் தாங்காம அங்க இருக்குறவங்க வருஷக்கணக்கா புகார் கொடுத்துட்டுத்தான் இருக்காங்க. அங்க உட்கார ஒரு கிளாஸ் விலை கொடுக்கணும். அந்த விலை இல்லாதவனுக்கு ஸ்டூலும் இல்லை. அதே கர்நாடகாவுல, 2009 ஜனவரியில மங்களூருல ஒரு பப்புக்குள்ள புகுந்து, உட்கார்ந்திருந்த பொண்ணுங்களை அடிச்சு விரட்டினாங்க. அந்த வீடியோவை நாடே டி.வி-யில பார்த்துச்சு. அதாவது, அந்த ஸ்டூலும் சும்மா கிடைச்சதில்லை.

ரெண்டு வாரம் கழிச்சு தோழி லீவுல ஊருக்கு வந்தா. "வா, இன்னைக்கு நம்ம ஊர் பன்னிரண்டாவது மெயின் ரோட்டைக் காட்டு"ன்னா. சவால்!

பஜாருக்குள்ள நடந்தோம். மிட்டாய்க் கடையில கடலை மிட்டாய் வாங்கினோம். அடுத்த கடையில சுடச்சுடக் காரச்சேவும் கருப்பட்டி மிட்டாயும். கரிசக்காட்டுக்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்ச காம்பினேஷன் இது. ஒரு வாய் உறைப்பு, ஒரு வாய் இனிப்பு, தண்ணி குடிக்கக் கூடாது. கடைக்காரர் பொட்டலம் கட்டி நீட்டினார். "இங்கேயே சாப்பிடுறோம் அண்ணாச்சி"ன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பாவம், உட்காரச் சொல்ல இடத்தைத் தேடினார். கடைக்குள்ள இருந்தது ஒரே ஒரு ஸ்டூல். அதுல அவர்தான் உட்கார்ந்திருந்தார். எந்திரிச்சுக் கொடுக்கவும் வந்தார். நாங்கதான் வேணாம்னுட்டோம்.

டீக்கடை பெஞ்சுல ஆறு பேர். நாங்க போனதும் பேச்சு நின்னு போச்சு. யாரும் ஒண்ணும் சொல்லலை. நல்ல மனுஷங்கதான், நகர்ந்து இடம்கூட விட்டாங்க. ஆனா அந்த அமைதி இருக்கே... டீயை நின்னமேனிக்கே ஊதி ஊதிக் குடிச்சிட்டுக் கிளம்பிட்டோம். நாக்குச் சுட்டதுதான் மிச்சம். பரோட்டாக் கடையில 'ஃபேமிலி ரூம்' இருந்துச்சு. "நாம ஃபேமிலியா?"ன்னா. இல்லையே! கோயில்ல உட்காரலாம். ஆனா பேச்சு சத்தமா வரக் கூடாது. சேவும் தின்ன முடியாது. காலேஜ் கேன்டீன்? பழைய ஸ்டூடண்ட்னு சொன்னா வாட்ச்மேன் அண்ணன் விடுவார். ஆனா அஞ்சு மணிக்கு மூடிருவாங்க.

ஜி.வி.என்., என்.இ.சி-ன்னு இத்தனை ஆயிரம் பேர் படிக்கிற ஊர். கடலைக்கு இந்தியா முழுக்கப் பேரு. அந்த ஊர்ல ஒரு பையனும் பொண்ணும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கடலை போட இடமில்லை! (நம்ம கடலை அந்தக் கடலை இல்லைங்க. நாங்க பேசினது அவளோட அப்ரைசல் பத்தி.)

கடைசியா அவதான் இடம் கண்டுபிடிச்சா. ரயில்வே ஸ்டேஷன். பத்து ரூபாய்க்குப் பிளாட்ஃபார்ம் டிக்கெட். சிமென்ட் பெஞ்சு, மேல ஃபேன், குழாய்ல தண்ணி. பெட்டி, படுக்கை, குடும்பம், சாமியார், பாட்டி, பரீட்சைக்குப் போற பசங்கன்னு எல்லாரும் உட்கார்ந்திருந்தாங்க. ரயிலுக்குக் காத்திருக்கிறவங்களை யாரு கேள்வி கேட்பாங்க? பொட்டலத்தைப் பிரிச்சோம். சேவு இன்னும் மொறுமொறுப்பா இருந்துச்சு. பக்கத்துல இருந்த ஆச்சி எட்டிப் பார்த்தாங்க. ரெண்டு மிட்டாய் கொடுத்தோம். "எந்தக் கடை?"ன்னு மட்டும்தான் கேட்டாங்க. யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேட்கலை.

எதிர்ப் பிளாட்ஃபார்ம்ல மதுரைப் பக்கம் போற வண்டி வந்து நின்னுச்சு. "கடலமுட்டாய்ய்..."னு குரல் பெட்டிக்குப் பெட்டி ஓடுச்சு. ஜன்னல் கையெல்லாம் வெளியே நீளுது. வண்டி கிளம்பினப்புறமும் நாங்க பேசிட்டே இருந்தோம். ரெண்டு மணி நேரம் ஆனதே தெரியலை.

"டிக்கெட்டைப் பாரு"ன்னா. எடுத்துப் பார்த்தேன். ரெண்டு மணி நேரம்தான் செல்லுமாம். மாப்ளே பெங்களூருல இருந்து போன். "எங்கலே இருக்கீங்க?"

"பன்னிரண்டாவது மெயின் ரோட்டுல"ன்னு சொல்லிட்டு, இன்னும் ரெண்டு பிளாட்ஃபார்ம் டிக்கெட் வாங்கக் கவுன்ட்டருக்கு நடந்தேன்.