நெஞ்சோடு கதைப்போம்: அடுத்தது என்ன?



காணி உறுதி, கடன், பிள்ளைகளின் படிப்பு என்று பாரமான விடயங்களையே இந்தப் பக்கத்தில் அடிக்கடி கதைக்கிறோம். இம்மாதம் சற்று இலேசான ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். இலேசானதுதான், ஆனால் சின்ன விடயம் அல்ல. காதல் கதை எழுதிய சில பெண்களைப் பற்றிக் கதைக்கப்போகிறோம்.

இதைத் தொடங்கி வைத்தவர் தையல் வகுப்புக்கு வரும் ஒரு சகோதரி. கணவரைப் போரில் இழந்தவர். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர். ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அக்கா, ரமணிசந்திரன் புத்தகம் என்றால் எனக்கு உயிர். ஆனால் மாமி கண்டால், புருஷன் இல்லாதவளுக்குக் காதல் கதை ஒரு கேடா என்று ஏசுவா. அதனால் மாப் பேணிக்குப் பின்னால் ஒளித்து வைத்து வாசிக்கிறன்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு புத்தகத்தை ஒளித்து வைக்கும் அளவுக்கு அவர் என்ன குற்றம் செய்துவிட்டார்?

இந்த வெட்கம் வாசிக்கிறவர்களுக்கு மட்டும் உரியதல்ல. எழுதுகிறவர்களுக்கும் இருந்தது. இங்கிலாந்தில் காதல் கதை எழுதிய பெண்களுக்கு ஒரு காலத்தில் இதே மனக்குறைதான். வாசிகசாலைகளில் அதிகம் பேர் கேட்டு வாங்கிப்போவது அவர்களுடைய புத்தகங்களை. ஆனால் "நீ என்ன எழுதுகிறாய்?" என்று ஒருவர் கேட்டால் மன்னிப்புக் கேட்பவர் போலப் பதில் சொல்லவேண்டும். இதைப் பொறுக்கமாட்டாமல் 1960 ஆம் ஆண்டு அவர்கள் ஒன்று சேர்ந்து, காதல் நாவலாசிரியர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். டெனிஸ் றொபின்ஸ் என்ற எழுத்தாளர் அதன் முதல் தலைவி.

சங்கம் என்றவுடன் பெரிய மேடை, மாலை மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். தனித்தனி வீடுகளில், சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் இருந்து எழுதும் பெண்கள் ஒருவரை ஒருவர் கண்டு கதைக்க ஒரு இடம். அப்படிப்பட்டவர்கள் கூடும்போது கதைப்பது இரண்டு விடயம். ஒன்று வாழ்க்கைச் செய்தி: வீட்டில் யாருக்குச் சுகமில்லை, யாருக்குப் பேரப்பிள்ளை பிறந்தது, யார் யாரை இழந்தார்கள். மற்றது வேலைச் செய்தி: அடுத்த புத்தகம் எதைப் பற்றியது, எப்போது வரும், எந்த அத்தியாயத்தில் நின்றுபோயிருக்கிறது. 1962 இல் இன்னொரு நல்ல காரியமும் தொடங்கினார்கள். இன்னும் அச்சில் வராத ஒருவர் தன் கையெழுத்துப் பிரதியை அனுப்பினால், அனுபவமுள்ள எழுத்தாளர் ஒருவர் அதை முழுக்க வாசித்து, எது நன்று, எதைத் திருத்தவேண்டும் என்று எழுதி அனுப்புவார். அந்த வழியில் வந்து பெயர் பெற்றவர்கள் பலர்.

இந்தச் சங்கத்தின் இரண்டாவது தலைவியைப் பற்றித்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஐடா குக். 1904 இல் பிறந்தவர். மேரி பேர்ச்சல் என்ற புனைபெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட காதல் கதைகள் எழுதியவர். 1966 முதல் 1986 இல் இறக்கும்வரை அவரே சங்கத்தின் தலைவி.

ஐடாவும் அவருடைய தமக்கை லூயிசும் லண்டனில் அரச அலுவலகத்தில் வேலை செய்த சாதாரணப் பெண்கள். இருவரும் திருமணம் செய்யவில்லை. சம்பளம் குறைவு. ஆனால் இசை நாடகம் என்றால் பைத்தியம். சாப்பாட்டுக் காசில்கூட மிச்சம் பிடித்து, தங்களுக்குப் பிடித்த பாடகி ஒருவரைக் கேட்க அமெரிக்கா வரை போய் வந்தவர்கள். பின்னர் ஐடா ஒரு பெண்கள் சஞ்சிகையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்துதான் கதை எழுதத் தொடங்கினார். 1936 இல் மில்ஸ் அன்ட் பூன் நிறுவனம் அவருடைய முதல் நாவலை வெளியிட்டது. அதற்குப் பிறகு, வாழ்க்கையில் கண்டிராத அளவு பணம் வந்தது. நல்ல உடுப்பு, பயணம், ஒரு கார் என்று ஆசைகளும் வந்தன.

அந்த நேரத்தில்தான் ஜேர்மனியில் ஹிட்லரின் ஆட்சியில் யூத மக்கள் துன்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 1934 இல், சகோதரிகளுக்குப் பழக்கமான ஒரு பாடகி, லண்டன் வரும் தன் தோழி ஒருவரைக் கவனித்துக்கொள்ளும்படி கேட்டிருந்தார். அந்தத் தோழி யூதர். அவர் வாயிலிருந்துதான் அங்கே நடப்பது இவர்களுக்குத் தெரியவந்தது. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நாட்டை விட்டு வெளியேறும் யூதர்கள் தங்கள் பணத்தையோ நகையையோ கொண்டுபோக விடமாட்டார்கள். வெறுங்கையோடு வருகிறவர்களை இங்கிலாந்தும் இலகுவில் உள்ளே விடாது. அங்குள்ள ஒருவர் அவர்களுக்குப் பொறுப்பு நின்று பணப்பிணை காட்டவேண்டும். ஆகவே சகோதரிகள் வார இறுதியில் விமானத்தில் ஜேர்மனிக்குப் போவார்கள். போகும்போது சாதாரண உடுப்பு. திரும்பும்போது, அகதிகளாக வரவிருப்பவர்களின் நகையும் விலை உயர்ந்த கம்பளி மேலாடையும் இவர்களுடைய உடம்பில் இருக்கும். மேலாடையில் இருந்த ஜேர்மன் கடைப் பெயர்த் துணியைப் பிரித்து எடுத்துவிட்டு, லண்டன் கடைப் பெயரைத் தைத்துவிடுவார்கள். போன எல்லை வழியால் திரும்பமாட்டார்கள், ஒரே காவலர்கள் இருமுறை கண்டால் சந்தேகம் வரும் அல்லவா? இருவரும் காது குத்தாதவர்கள். அதனால் குத்திய காதுக்குப் போடும் தோடுகளை மட்டும் கொண்டுவர முடியவில்லை. ஒருமுறை பெரிய வைரப் பதக்கம் ஒன்றை ஐடா தன் மலிவான கம்பளிச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார். அந்தச் சட்டையில் பார்ப்பவர்கள் அதைக் கண்ணாடிக் கல் என்றுதான் நினைப்பார்கள். தமக்கை லூயிஸ் இதற்காகவே ஜேர்மன் மொழி படித்தார். திங்கட்கிழமை காலை ஒன்றும் நடக்காதது போல அலுவலகத்தில் இருப்பார்.

தாலிக்கொடியை இடுப்புச் சேலையில் முடிந்துகொண்டு ஓடியவர்கள் நாங்கள். ஒரு நகை ஒரு குடும்பத்தின் உயிராக இருக்கலாம் என்பதை எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1939 இல் போர் தொடங்கும்வரை இப்படி 29 பேரை அவர்கள் காப்பாற்றினார்கள். இதற்கான செலவில் பெரும்பங்கு ஐடாவின் காதல் கதைகளிலிருந்து வந்தது. லண்டனில் அவர் எடுத்த சிறிய தொடர்மாடி வீட்டில் அவர் குடியிருக்கவில்லை. வந்து சேர்ந்த அகதிகள்தான் குடியிருந்தார்கள். காரும் உடுப்பும் வாங்க நினைத்த பணம் மனிதர்களின் பயணத்துக்கும் பிணைக்கும் போனது. ஐடாவிடம் "அடுத்த புத்தகம் எப்போது?" என்று கேட்டால், அந்தப் பதிலில் யாரோ ஒருவருடைய உயிரும் அடங்கியிருந்தது. 1960களில் இஸ்ரேலின் யாட் வஷெம் நினைவகம் இரு சகோதரிகளையும் கௌரவித்தது.

காதல் கதையை விளையாட்டு என்று ஏளனம் செய்கிறவர்களுக்கு இந்த ஒன்றைச் சொன்னாலே போதும்.

இன்னும் இருவரைச் சொல்கிறேன். பெற்றி நீல்ஸ் ஒரு தாதி. இரண்டாம் உலகப் போரில் இராணுவத் தாதியர் சேவையில் பிரான்சுக்கு அனுப்பப்பட்டவர். காயப்பட்டவர்களின் நடுவில் நின்றவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒருநாள் வாசிகசாலையில் ஒரு பெண், நல்ல காதல் கதை ஒன்றும் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டது அவர் காதில் விழுந்தது. வீட்டுக்குப் போய் எழுதத் தொடங்கினார். முதல் புத்தகம் 1969 இல் வந்தது, அறுபது வயதை நெருங்கும்போது. 2001 இல் இறக்கும்போது 130க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருந்தார். ஓய்வு பெற்றபின் ஒரு தொழில் தொடங்கி, இத்தனை புத்தகங்கள்.

ஈவா இபொட்சன் 1925 இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஊரை விட்டு இங்கிலாந்துக்கு வந்தவர். பிள்ளைகளுக்கான கதைகளும் பெரியவர்களுக்கான காதல் கதைகளும் எழுதினார். 1981 இல் வந்த அவருடைய நாவல் ஒன்றில், ரஷ்யாவில் செல்வமாக வாழ்ந்த பெண் புரட்சியால் எல்லாம் இழந்து, இங்கிலாந்தில் ஒரு வீட்டில் வேலைக்காரியாகச் சேர்கிறாள். அந்தப் பெண் தரையைத் துடைக்கிறாள், ஆனால் தலை குனியவில்லை. 1983 இல் அவருடைய இன்னொரு நாவலுக்கு அந்தச் சங்கமே ஆண்டின் சிறந்த காதல் நாவல் பரிசைக் கொடுத்தது. 1998 இல் கணவர் இறந்த பின்னரும் அவர் பேனையைக் கீழே வைக்கவில்லை. சிரிக்க வைக்கும் பேய்க்கதைகளை விட்டுவிட்டு, வேறு விதமான ஒரு கதையை எழுதினார். பலராலும் பாராட்டப்பட்ட அந்தப் புத்தகம் 2001 இல் வெளிவந்தது.

சகோதரிகளே, இந்தப் பெண்களின் கதையில் என் மனதில் தைத்த இடம் ஒன்று உண்டு. அவர்கள் சந்திக்கும்போது இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள்: எப்படி இருக்கிறாய்? அடுத்து என்ன எழுதுகிறாய்?

எங்களிடம் வருகிறவர்கள் கேட்பது என்ன? கிராம சேவகர் கேட்பார், நிறுவனங்களில் இருந்து வருகிறவர்கள் கேட்பார்கள், ஆணைக்குழுவும் கேட்டது: என்ன நடந்தது? எந்தத் திகதி? யாரை இழந்தாய்? படிவம் படிவமாக நிரப்பியிருக்கிறோம். அது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. காணாமல் போனவரைத் தேடும் தாய்க்கு அந்தக் கேள்வியும் அதற்கான பதிலும் உயிர். ஆனால் "அடுத்து என்ன செய்யப்போகிறாய் பிள்ளை?" என்று எங்களிடம் எத்தனை பேர் கேட்டார்கள்? நாங்களாவது ஒருவரை ஒருவர் கேட்டிருக்கிறோமா? நடந்ததை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லும் பெண்ணுக்கு, தன் வாழ்க்கை அந்த ஒரு நாளோடு நின்றுவிட்டது போலத் தோன்றத் தொடங்கிவிடும்.

மாப் பேணிக்குப் பின்னால் புத்தகம் ஒளித்த சகோதரிக்கு என் பதில் இதுதான். நீங்கள் வாசிப்பது குற்றமில்லை, தங்கச்சி. நாள் முழுக்கத் தையல் மெஷினில் கால் உளைய வேலை செய்தவருக்கு, நல்லபடி முடியும் ஒரு கதை கிடைப்பதில் யாருக்கும் நட்டமில்லை. இறந்தவருக்கு அது துரோகமும் இல்லை. மாமியும் தன் பிள்ளையை இழந்தவ. அவவின் கோபத்துக்குள் இருப்பது துக்கம் என்று நினைத்துப் பொறுமையாகக் கதையுங்கள். ஒரு மாலையில் நல்ல பக்கம் ஒன்றை அவவுக்கு வாசித்தும் காட்டலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். எல்லாக் காதல் கதையும் நல்ல கதை அல்ல. கதாநாயகன் அதட்டுவதையும் கையைப் பிடித்து இழுப்பதையும் அன்பு என்று காட்டும் கதைகள் உண்டு. பணக்காரன் ஒருவன் வந்தால்தான் பெண்ணுக்கு விடிவு என்று சொல்லும் கதைகளும் உண்டு. வயது வந்த பெண்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கூட இருந்து வாசித்து, இது அன்பா, அதிகாரமா என்று அவர்களோடு கதையுங்கள். புத்தகத்தைப் பறிப்பதைவிட அது பலன் தரும்.

இனி ஒரு சின்ன வேலை. உங்கள் மாதர் சங்கத்தில் அடுத்த கூட்டம் கூடும்போது, சீட்டுக்காசும் கடன் கணக்கும் முடிந்த பிறகு கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் இரண்டு வசனம் மட்டும் சொல்லவேண்டும். முதலாவது, இந்த மாதம் என் வீட்டில் நடந்தது. இரண்டாவது, அடுத்த மாதம் நான் செய்யப்போவது. கதைதான் எழுதவேண்டும் என்று இல்லை. பத்துக் கோழிக்குஞ்சு வாங்குவதாக இருக்கலாம், கத்தரிக் கன்று நடுவதாக இருக்கலாம், மகளைச் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துவதாக இருக்கலாம். கதை எழுத ஆசை உள்ளவர் இருந்தால், ஒரு கொப்பியில் நான்கு பக்கம் எழுதி வரட்டும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் அன்போடு வாசித்து, இது நன்று, இதைத் திருத்து என்று சொல்லட்டும். அந்த ஆங்கிலப் பெண்களும் ஒருவருக்கொருவர் இதைத்தான் செய்தார்கள்.

சொல்ல ஒன்றும் இல்லை என்று ஒருவர் மௌனமாக இருந்தால் வற்புறுத்த வேண்டாம். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் அடுத்த மாதமும் மறக்காமல் கேட்டால் போதும்.

உங்கள் இரண்டு வசனங்களை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். ஆவலோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா