எந்திரம் அறியாது, அரசு அறிய வேண்டும்

கத்தியால் இயன்றவரை அரிந்தெடுத்த பின்னும் எலும்பில் ஒட்டி எஞ்சும் இறைச்சி கொஞ்சமன்று. அதனை வீணாக்காமல் உணவாக்குவது குற்றமாகாது. கொன்ற உயிரின் எப்பகுதியையும் வீசியெறியாமை ஒருவகையில் அறமும் ஆகும். ஆயினும் எடுக்கும் முறையிலும், உண்பவர்க்கு அதனை உரைக்கும் நேர்மையிலுமே அவ்வறம் நிலைபெறும்.

மேலைநாட்டு ஆலைகளில், இறைச்சி ஒட்டிய எலும்புகளும், நெஞ்சும் தொடையும் நீக்கிய கோழிக்கூடுகளும் அரைக்கப்பட்டு, மிகுந்த அழுத்தத்துடன் நுண்துளைச் சல்லடைமீது தள்ளப்படுகின்றன. இளஞ்சிவப்புக் கூழ் துளைவழியே வழிய, எலும்புச் சக்கை மறுபுறம் ஒதுங்குகிறது. அக்கூழில் தசையோடு கொழுப்பும் மஜ்ஜையும் கண்ணுக்குப் புலப்படா எலும்புத்துகளும் உண்டு. இழை சிதைந்த அத்தசை எளிதில் கெடுமாதலின் உடனே குளிரூட்டப்படுகிறது. பின்னர் உப்பும் மாவும் சோயாப் புரதமும் சேர்ந்து சாசேஜாகவும் நக்கெட்டாகவும் உருக்கொள்கிறது. மலிவான பண்டங்களிலேயே மிகுதியும் இடம்பெறுவதால், ஏழையின் தட்டையே அது முதலில் சென்றடைகிறது.

இம்முறையில் கண்காணிப்பு தளர்ந்தால் என்ன நேரும் என்பதைப் பிரிட்டன் பெருந்துயருற்று உணர்ந்தது. பைத்தியப் பசு நோய் பரவிய காலத்தில், மாட்டின் மூளை, தண்டுவடம் முதலியவற்றை மனித உணவில் சேர்க்கலாகாதென 1989 நவம்பரில் அங்கே தடை பிறந்தது. ஆனால், அத்தண்டுவடம் ஓடும் முதுகெலும்பை எந்திரத்தில் இடுவதற்குத் தடையில்லை. அறுவைக் கூடத்தில் தண்டுவடம் முற்றிலும் நீக்கப்பட்டிருக்கும் என்னும் நம்பிக்கை ஒன்றே காவலாய் நின்றது. 1995இல் ஆய்வாளர்கள் நேரில் பார்த்தபோது, தூய்மை செய்து முடிந்த உடல்களிலும் தண்டுவடத் துணுக்குகள் ஒட்டியிருக்கக் கண்டனர். அவ்வாண்டு டிசம்பரில்தான் முதுகெலும்பு விலக்கப்பட்டது. ஆறு ஆண்டுகள் வீணாயின. 1996 மார்ச் 20 அன்று, இளைஞர்களைக் கொன்ற புதுவகை மூளைநோய்க்கும் பசு நோய்க்கும் தொடர்பிருக்கக்கூடும் என நலத்துறை அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அந்நோய்க்கு அந்நாட்டில் 170க்கும் மேற்பட்டோர் பலியாயினர். நோய் மனிதரை எட்டிய வழிகளுள் முதன்மையாக ஐயுறப்படுபவற்றில் ஒன்று இந்த எந்திர இறைச்சி.

அதன்பின் சட்டங்கள் விழித்தன. மாடு, ஆடு ஆகியவற்றின் எலும்பிலிருந்து இவ்வாறு இறைச்சி எடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2001ஆம் ஆண்டின் சட்டத்தால் தடுத்தது. பன்றி, கோழி ஆகியவற்றின் கூழையும் பொதுவாக ‘இறைச்சி’ எனக் குறிக்கலாகாது, தனிப்பெயரிட்டே குறிக்க வேண்டும் என விதித்தது. அமெரிக்கா 2004இல் மாட்டிறைச்சிக் கூழை மனித உணவிலிருந்து நீக்கியது. பன்றிக் கூழ் ஹாட் டாக்கில் 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது அங்குள்ள விதி. கோழிக்கோ அவ்வரம்பு இல்லை.

இவை போதுமா? பொட்டலத்தின் மேலுள்ள எழுத்து, அதை வாங்குபவர் கண்ணில் மட்டுமே படும். உணவகத்திலும் பள்ளிக்கூடத்து உணவறையிலும் தட்டில் பெறும் குழந்தைக்கு அவ்வெழுத்து எட்டுவதில்லை. சல்லடை பருமனை அறியும்; நஞ்சை அறியாது. அதனை அறிய வேண்டியது அரசு. எனவே ஆலைக்குள் நுழையும் எலும்பைத் தாளில் அன்றி நேரில் சோதிக்கப் போதிய ஆய்வாளர்களை அமர்த்துக! சமைத்துப் பரிமாறும் இடங்களிலும் இக்கூழின் பெயரை அறிவிக்கச் சட்டம் செய்க! மலிவான உணவை உண்பவரின் உயிர் மலிவானதன்று.