ஹோசூர்ச் சீமையின் புதிய மிட்டாதாரர்கள்

ஹோசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை தாலூகாக்களில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. கேழ்வரகு விளைந்த கொல்லைகளில் மனைக்கற்கள் நடப்படுகின்றன. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஏதேனும் ஒரு 'நகர்' என்று பலகை எழுகிறது. ஹோசூர்ப் பட்டணத்திலோ, தொழிற்சாலையில் மாதச் சம்பளம் வாங்குகிறவன் சொந்த வீட்டு ஆசையை விட்டுவிட்டு, வாடகைக்கு ஓர் அறை அகப்பட்டால் போதும் என்ற நிலைக்கு வந்திருக்கிறான். இதைச் சிலர் சுபிட்சம் என்கிறார்கள்; சிலர் நாசம் என்கிறார்கள். இரண்டும் ஆராயாமற் சொல்லும் வார்த்தைகள். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த விலையை உண்டாக்கியவர் யார்? அதன் பலனை அனுபவிக்கிறவர் யார்?

கைத்தொழில் பெருகுவதில் நமக்கு ஆட்சேபமில்லை. நம் நாட்டிலேயே லாரியும் கடிகாரமும் செய்ய வேண்டுமென்று வேண்டியவர்கள், அவை செய்யப்படும் ஊரைக் கண்டு முகஞ்சுளிப்பது நியாயமன்று. 1971-ல் ஏற்பட்ட சிப்காட் ஸ்தாபனம் ஹோசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டு லாரிகளும் டி.வி.எஸ். மொபெட்டுகளும் அங்கே உற்பத்தியாயின. அப்பத்தாண்டிலேயே டைட்டான் கடிகாரமும் வந்தது. அண்மையில் ஏத்தர், ஓலா கம்பெனிகளின் மின்சார வண்டிகளும், டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் ஹோசூரிலும் போச்சம்பள்ளியிலும் கெலமங்கலப் பக்கத்திலும் வந்திருக்கின்றன. மானாவாரி நிலத்தை நம்பி, மழை பொய்த்தபோது கூலிக்குப் பெங்களூருக்கு நடந்த ஜனங்களுக்கு இவை வேலை கொடுத்தன. 2001-ல் 84 ஆயிரம் ஜனத்தொகையுள்ள ஊராயிருந்த ஹோசூர், 2019-ல் மாநகராட்சியாயிற்று. இவற்றையெல்லாம் மறுப்பார் இல்லை.

ஆனால் இந்நிலத்தின் விலை நிலத்தினால் ஏறியதன்று. மண் அதே செம்மண். கிணறு அதே கிணறு. நீர் முன்னிலும் கெட்டிருக்கிறது. பெங்களூரின் சாக்கடையைச் சுமந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்பதை உலகமே பார்த்துவிட்டது. விலையை ஏற்றியது சர்க்காரின் வாக்கு. 2024-ஆம் வருஷம் ஜூன் 27-ந் தேதி, முதல் மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் சட்டசபையில் 110-ஆவது விதியின் கீழ், ஹோசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு மூன்று கோடிப் பிரயாணிகளை ஏற்கத்தக்க சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். 2004-ல் மத்திய சர்க்கார் பெங்களூர் விமான நிலையக் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையோ, 150 கிலோமீட்டருக்குள் வேறு சர்வதேச விமான நிலையம் 2033 வரையில் எழக்கூடாதென்று தடுக்கிறது. ஹோசூர் பெங்களூருக்கு 40 கிலோமீட்டர். விமானம் இறங்க இன்னும் வருஷங்கள் வேண்டும். விலை ஏறுவதற்கு ஒரு நாளும் வேண்டியிருக்கவில்லை. 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோ ரயில் பொம்மசந்திரம் வரையில் வந்தது. அது ஹோசூருக்கு நீளும் என்ற பேச்சு ஒன்றே பல மனைகளை விற்றுக் கொடுத்திருக்கிறது.

நிற்க. இந்தச் சீமைக்கு நிலவரி சரித்திரத்தில் ஒரு தனி இடம் உண்டு. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தபோது, அலெக்ஸாண்டர் ரீடு துரையும் அவரது உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடிகோலினார்கள். நிலத்தை உழுகிறவனே சர்க்காரோடு நேராகக் கணக்குத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நடுவே ஒருவன் நின்று தின்னக் கூடாது என்பது அதன் தத்துவம். வரிச்சுமை கடுமையாயிருந்ததென்பது வேறு விஷயம். பின்னர் வந்த அதிகாரிகள் அதைக் கலைத்து, சேலம் ஜில்லாவை மிட்டாக்களாக வகுத்து ஏலம் போட்டார்கள். ஏரைத் தொடாத மிட்டாதாரன் குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நடுவே வந்து உட்கார்ந்தான். சுதந்திர இந்தியாவில் சட்டம் அவனை ஒழித்தது. இன்று அதே சீமையில் அவன் வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறான்.

இந்தப் புதிய மிட்டாதாரனுக்குப் பட்டா தேவையில்லை. செய்தி முந்திக் கிடைத்தால் போதும். எந்த சர்வே நம்பர் வழியாகச் சாலை போகும், எந்தக் கிராமம் தொழிற்பேட்டைக்கு வரும் என்று அவனுக்கு முதலில் தெரிகிறது. மகள் கலியாணத்துக்கோ ஆழ்துளைக் கிணற்றுக் கடனுக்கோ பணமின்றித் தவிக்கும் குடியானவனிடம் முன்பணம் கொடுத்து, கிரய ஒப்பந்தமும் பொது அதிகாரப் பத்திரமும் எழுதி வாங்குகிறான். நிலம் குடியானவன் பெயரிலேயே இருக்கும். ஏறுகிற விலை மாத்திரம் கை மாறிக்கொண்டிருக்கும். பத்திரம் இறுதியில் பதிவாகும்போது உழுதவனுக்குக் கிடைத்தது முதல் விலை. ஊருக்குப் புதிதாய் வந்தவன் கொடுத்தது கடைசி விலை. இரண்டுக்கும் நடுவேயுள்ள தொகை, உழாதவனுக்கும் குடியிராதவனுக்கும் போயிற்று.

விற்க மனமில்லாத குடியானவன் கதி என்ன? அவன் நிலத்தை சர்க்கார் எடுத்துக்கொள்ளும்போது சட்டம் அவனை எவ்விதம் நடத்துகிறதென்று பார்ப்போம். 2013-ஆம் வருஷத்து மத்திய நிலமெடுப்புச் சட்டம், நிலத்தை எடுக்குமுன் ஜனங்களின் வாழ்வுக்கு நேரும் பாதகத்தை ஊரறிய விசாரிக்க வேண்டுமென்று விதித்தது. தமிழ்நாட்டில் தொழில் நோக்கத்துக்காக நிலமெடுக்கும் 1997-ஆம் வருஷத்துச் சட்டத்தை இவ்விதியிலிருந்து விலக்கினார்கள். 2019 ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டு அவ்விலக்குச் செல்லாதென்றது. அவ்வருஷமே புதுச் சட்டம் செய்து அதற்கு உயிர் கொடுத்தார்கள். 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே நஷ்டஈட்டின் அளவு மத்தியச் சட்டப்படி கிடைக்கும். முன்விசாரணை என்னும் உரிமை கிடைக்காது.

அந்த நஷ்டஈடாவது நியாயமாயிருக்குமா? அது வழிகாட்டி மதிப்பையோ, பக்கத்து நிலங்களின் மூன்று வருஷத்துப் பத்திரங்களில் உயர்ந்த பாதியின் சராசரியையோ, எது அதிகமோ அதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கிராமாந்தரங்களில் அதை ஒன்று முதல் இரண்டு வரையிலான எண்ணால் பெருக்கி, வருவதற்குச் சமமான ஆறுதல் தொகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கேட்கச் செவிக்கு இனிது. ஆனால் சட்டத்துக்குக் கண் பத்திரத்தில்தான் இருக்கிறது; சந்தை விலை அதற்குத் தெரியாது. ஓர் ஏக்கர் உண்மையில் ஒரு கோடி ரூபாய்க்கு விற்று, பத்திரத்தில் 30 லட்சம் என்று எழுதப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஸ்டாம்புத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. வாங்குகிறவனுக்கு மீதம் 6 லட்சத்து 30 ஆயிரம். ஊர்ப் பத்திரங்களெல்லாம் இப்படியே இருந்தால், நாளை நிலம் எடுக்கப்படும் பக்கத்து ரயத்துக்கு, பெருக்கும் எண் ஒன்றேகால் ஆனால், ஏக்கருக்கு வருவது 75 லட்சம். உண்மை விலை பத்திரம் ஏறியிருந்தால் வந்திருப்பது இரண்டரைக் கோடி. ஒருவன் ஆறு லட்சம் மிச்சம் பிடிக்க, மற்றொருவன் ஒன்றேமுக்கால் கோடி இழக்கிறான்!

சர்க்காரும் இதற்குத் துணை போயிருக்கிறார்கள். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை நூற்றுக்கு 33 வீதம் குறைத்தார்கள். 2023 ஏப்ரலில்தான் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். மனை வாங்குவோருக்குச் செய்த சலுகை, நிலம் இழப்போரின் அளவுகோலைக் குறுக்கிற்று என்பதை அன்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்?

பட்டாவே இல்லாதவர்கள் கணக்கு இதைவிடச் சோகமானது. கொல்லையில் களை பறித்தவள், ரோஜாத் தோட்டத்தில் பூப் பறித்தவள், குத்தகைக்குத் தக்காளி போட்டவன் ஆகியோர் கைக்கு விலையேற்றத்தில் ஒரு காசும் வராது. வாடகை ஏற்றத்தில் மாத்திரம் பங்கு வரும். தொழிற்சாலையைக் கட்டுமுன் தொழிலாளிக்குக் கூரை எங்கே என்று யோசிப்பது நமக்குப் புதிதன்று. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதியை சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. அங்கே முடிந்தது எந்தத் தொழிற்பேட்டையிலும் முடியவேண்டும்.

உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ரயத்துக்கள், மேலும் சுமார் மூவாயிரம் ஏக்கர் சிப்காட்டுக்கு எடுக்கப்படுவதை எதிர்த்து 2023-ல் உட்கார்ந்து போராடினார்கள். இவர்களை அபிவிருத்தியின் சத்துருக்கள் என்பது அறியாமை. எல்லைக்கு அப்பால் தேவனஹள்ளியில் 1,777 ஏக்கரை விமானத் தொழிலுக்கு எடுக்கவிருந்த கர்நாடக சர்க்கார், மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட கிளர்ச்சிக்குப் பின் 2025 ஜூலையில் அதைக் கைவிட்டார்கள். முதலிலேயே ஊராரைக் கலந்திருந்தால் மூன்று வருஷம் ஒருவருக்கும் வீணாகியிராது.

வேறு வழி இருக்கிறதா என்பார்க்குப் புனாவை அடுத்த மகர்பட்டாவைக் காட்டுவோம். அங்கே சுமார் 120 விவசாயக் குடும்பங்கள், நகரம் தங்களை விழுங்குமுன் தாங்களே கம்பெனியாகக் கூடி, சுமார் 400 ஏக்கரைப் பங்காக வைத்து, நகரத்தைத் தாங்களே கட்டினார்கள். ஏறிய விலை உழுதவர் குடும்பத்திலேயே தங்கிற்று. சீனத்தின் தலைவர் சுன் யாட்-சென் மற்றோர் உபாயம் சொன்னார். நிலத்தின் விலையை உடையவனே சொல்லட்டும். அவ்விலைக்கு வரி கட்டட்டும். வேண்டும்போது சர்க்கார் அவ்விலைக்கே வாங்கிக்கொள்ளட்டும். கூட்டிச் சொன்னால் வரி. குறைத்துச் சொன்னால் நஷ்டம். பொய்க்கு அதில் லாபமில்லை. 1954 முதல் தைவான் தீவில் இத்தத்துவத்தின்மேல் சட்டம் செய்து நடத்தினார்கள்.

ஆதலால் சர்க்காரை நாம் கேட்பது அதிகமன்று. திட்டத்தைச் சட்டசபையில் அறிவிக்கிற அன்றே சர்வே நம்பர்களையும் வெளியிடுக. அதற்கு முந்திய இரண்டு வருஷத்தில் அக்கிராமங்களில் பதிவான கிரயங்களையும் அதிகாரப் பத்திரங்களையும் ஊர்ச்சாவடியில் ஒட்டுக. நிலமெடுக்குமுன் வழிகாட்டி மதிப்பை உண்மைக்கு நேராக்குக. 1997-ஆம் வருஷத்துச் சட்டம் முன்விசாரணையை வற்புறுத்தவில்லையேயொழியத் தடுக்கவில்லை. கிராம சபையைக் கூட்டி மனமொப்பிச் செய்க. நிலம் கொடுத்தவனுக்குப் பணத்தோடு, திருத்திய மனையில் ஒரு பங்கும் கொடுக்க. தொழிலாளர் குடியிருப்பில்லாமல் எத்தொழிற்பேட்டைக்கும் உத்தரவு தராதிருக்க.

தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடைப் பிரசங்கத்தினால் இந்தத் தரகு ஒழியாது. கிராமம் கிராமமாய்ச் செல்லுங்கள். பாட்டன் பெயரில் கிடக்கும் பட்டாவை மாற்ற உதவுங்கள். காரணம் காட்டும் நோட்டீஸ் வந்தால் தவணைக்குள் பதில் எழுதிக் கொடுங்கள். வாசித்துக் காட்டாத எந்த ஒப்பந்தத்திலும் கைநாட்டு வைக்கவேண்டாமென்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்கிறவன் வாங்கிய முழு விலையையும் பத்திரத்தில் எழுதச் செய்யுங்கள். அது பக்கத்துக் கொல்லைக்காரனுக்குச் செய்யும் உபகாரம். இருநூறு வருஷங்களுக்கு முன் அந்நிய துரைமார் ரயத்துக்கும் சர்க்காருக்கும் நடுவே ஒருவரும் வேண்டாமென்றார்கள். அந்த நடுவிடத்தை நம் சொந்த ராஜ்யத்தில் தரகனுக்கு விட்டுக் கொடுப்பது நமக்குப் பெருமையாகாது.